கட்சி உறுப்பினர் அட்டையும் அதற்குள்ள உரிமையும்: வாசகர் கேள்விகள்

கட்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டதைப் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். விளக்கம்கூடக் கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போகலாமா?

போகலாம். அதற்கு முன் கட்சியின் சட்டவிதிப் புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள். பாதிப் பேர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டத்தின் பார்வையில் கட்சியும் ஒரு சங்கம்தான். அந்த விதிகள்தான் உங்களுக்கும் அதற்கும் உள்ள ஒப்பந்தம். சங்க உறுப்பினர் நீக்கம் பற்றி உச்ச நீதிமன்றம் 1962-லேயே டி.பி. டேவர் வழக்கில் வழி சொல்லிவிட்டது: விதிப்படி நடந்ததா, குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்களா, உள்நோக்கம் இல்லாமல் செய்தார்களா? இவ்வளவுதான் பார்ப்பார்கள். நீங்கள் துரோகியா இல்லையா என்று நீதிபதி தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

நீக்க அறிவிப்பை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ‘கட்சியின் கொள்கை, கோட்பாடுகளுக்கு முரணாகச் செயல்பட்டதாலும், அவப்பெயர் உண்டாக்கியதாலும்’ என்று நீளும். என்றைக்கு, எங்கே, என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி இருக்காது. அதுதான் உங்கள் பிடி. கையெழுத்துப் போட்டவருக்கு விதிப்படி நீக்கும் அதிகாரம் உண்டா என்றும் பாருங்கள். மேல்முறையீட்டுக்கு விதி இருந்தால் முதலில் அதைச் செய்துவிடுங்கள்; இல்லாவிட்டால் கோர்ட்டில் முதல் கேள்வியே அதுதான். ஜெயித்தால் அட்டை திரும்பக் கிடைக்கும். கிளைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உட்கட்சித் தேர்தல் நடத்தாமல் நியமனத்திலேயே ஓட்டுகிறார்கள். தேர்தல் கமிஷனில் புகார் கொடுத்தால்?

கொடுங்கள், ஃபைலில் சேரும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29-ஏ பிரிவில் பதிவு செய்யும்போது உட்கட்சித் தேர்தலுக்கான விதியைக் கமிஷன் கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்கிறது. நடத்தாத கட்சியின் பதிவை ரத்து செய்யத்தான் அதிகாரம் இல்லை. மோசடி செய்து பதிவு வாங்கியது போன்ற சில காரணங்களைத் தவிர ரத்து செய்ய முடியாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஜெகன்மோகனை நிரந்தரத் தலைவர் ஆக்கியதாகச் செய்தி வந்தபோது, அது ஜனநாயக விரோதம் என்று கமிஷன் கண்டித்தது. கண்டிப்போடு சரி. கட்சி உடைந்து சின்னத்துக்குச் சண்டை வந்தால் மட்டும் இந்த விதிப் புத்தகங்களுக்குத் திடீர் மரியாதை வரும்.

தலைமையை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று விதி இருந்தால் போதாதா?

அ.தி.மு.க.வைப் பாருங்கள். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த விதியைப் பொதுக்குழுகூடத் திருத்தக் கூடாது என்று எழுதிவைத்த கட்சி அது. 2017-ல் அந்தப் பதவியையே எடுத்தார்கள்; 2022 ஜூலை 11 பொதுக்குழுவில் மறுபடி கொண்டுவந்தார்கள். உறுப்பினர் வாக்கு தொடரும் என்றார்கள். ஆனால் போட்டியிட பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், ஐந்தாண்டு தலைமைக்கழக நிர்வாகியாக இருந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் களத்தில் எடப்பாடி பழனிசாமி ஒருவர்தான், வாக்குப்பதிவே தேவைப்படவில்லை. என்னைக் கேட்டால், யார் வாக்களிக்கலாம் என்ற பக்கத்தை விட யார் நிற்கலாம் என்ற பக்கத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

நீக்கப்பட்ட எம்.எல்.ஏ. வேறு கட்சியில் சேரலாமா?

சேர்ந்தால் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகும். 1994-ல் அ.தி.மு.க. நீக்கிய ஜி. விசுவநாதனும் அழகு திருநாவுக்கரசும் ம.தி.மு.க.வில் சேர்ந்தார்கள், நீக்கினாலும் ஜெயித்த கட்சிக்காரராகவே கருதப்படுவார் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதாரண உறுப்பினருக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

வேறு நாடுகளில் எப்படி?

ஜெர்மனியில் கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக முறைப்படி இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 1967-ன் கட்சிச் சட்டப்படி, விதியை வேண்டுமென்றே மீறியதோ கொள்கையையோ ஒழுங்கையோ பெரிய அளவில் மீறியதோ, அதனால் கட்சிக்குக் கடும் சேதம் வந்ததோடு சேர்த்து நிரூபணமானால்தான் நீக்கலாம். முடிவெடுப்பது தலைவர் அல்ல, கட்சியின் நடுவர் மன்றம், மேல்முறையீடும் உண்டு. பெர்லின் முன்னாள் நிதி அமைச்சர் திலோ சராசினை வெளியேற்ற அவருடைய சமூக ஜனநாயகக் கட்சி மூன்று முறை முயல வேண்டியிருந்தது, 2020-ல்தான் முடிந்தது. நம் சட்ட ஆணையமும் 1999-ல், 170-வது அறிக்கையில், உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டத்தில் எழுதச் சொன்னது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை.

உறுப்பினர் பட்டியலை ஆர்.டி.ஐ.யில் கேட்கலாமா?

2013 ஜூனில் மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளைத் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கட்சிகள் கீழ்ப்படியவில்லை. மனு போட்டுப் பத்து ரூபாயை வீணாக்காமல், உங்கள் கட்சி விதியில் பட்டியலைப் பார்வைக்கு வைக்கச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த விதி எண்ணைக் குறிப்பிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கேளுங்கள்.