70 ஆயிரம் டாலருக்கு 70 சதவீதம்!

கேள்வி: நானும் நண்பரும் மென்பொருள் ஸ்டார்ட்அப் தொடங்கி ஆறு மாதம். சில வாடிக்கையாளர்கள் பணம் கட்டுகிறார்கள். இப்போதே முதலீட்டாளரைத் தேடவேண்டுமா?

பதில்: பணம் கட்டும் வாடிக்கையாளரே முதலீட்டாளர்தானே, பங்கும் கேட்பதில்லை! வென்ச்சர் கேபிடல்காரர், அதாவது புதுக் கம்பெனிகளில் பங்குக்குப் பணம் போடுபவர், தருவதில் பெரும்பகுதி அவருடைய சொந்தப் பணம் கிடையாது. ஓய்வூதிய நிதி, பல்கலைக்கழக அறக்கட்டளை மாதிரி இடங்களில் வாங்கி, பத்து வருடத்தில் பெருக்கித் தருவதாகச் சொன்ன பணம். போட்டதில் பல மூழ்கும் என்று அவருக்கே தெரியும், ஒன்றிரண்டு தாறுமாறாக வளர்ந்துதான் மற்றவற்றை ஈடுகட்டவேண்டும், அதனால் நிதானமாக லாபம் பார்க்கும் கம்பெனி அவருக்குச் சரிப்படாது. மின்னஞ்சல் விளம்பரச் சேவையான மெயில்சிம்ப் 2001-ல் தொடங்கி, வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்து, 2021-ல் சுமார் 12 பில்லியன் டாலருக்கு இன்ட்யூட் என்ற மென்பொருள் கம்பெனியிடம் போனது. விதிவிலக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்குள் போட்டியாளர் சந்தையைப் பிடித்துவிடுவார் என்ற நிலை இருந்தால் தேடுங்கள். இல்லையென்றால் அவசரமில்லை.

கேள்வி: பங்கு கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் கம்பெனியே கைவிட்டுப் போய்விடாதா?

பதில்: 1957-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்க, வென்ச்சர் கேபிடலின் முன்னோடி ஜார்ஜ் டோரியோவின் முதலீட்டு நிறுவனம் 70 ஆயிரம் டாலர் கொடுத்து 70 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. இன்று முதல் சுற்றில், அதாவது முதல்முறை முதலீடு திரட்டும்போது, யாராவது அப்படிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், இப்போதெல்லாம் ஒரு சுற்றுக்கு 20 சதவீதம் பக்கம்தான் பேச்சே. அப்படி மூன்று சுற்று போனால் உங்கள் இருவரிடமும் சேர்த்து 51 சதவீதம் மிஞ்சும், ஊழியர்களுக்கென ஒதுக்கும் பங்கையும் கழித்தால் இன்னும் குறையும். ஆனால் எல்லோரும் இந்தச் சதவீதத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், ஒப்பந்தத்தில் 'விற்றால் முதலீட்டாளருக்கு முதலில்' என்றிருக்கும் வரியை யாரும் படிப்பதில்லை. 10 கோடி போட்டு 20 சதவீதம் வைத்திருப்பவர், கம்பெனி 12 கோடிக்கு விலைபோனால் 2.4 கோடியோடு போய்விடுவார் என்று நினைக்கிறீர்கள், அவரோ தன் 10 கோடியை முதலில் எடுத்துக்கொள்வார், மீதி 2 கோடியைத்தான் நீங்கள் எல்லோரும் பிரித்துக்கொள்ளவேண்டும். அந்த வரிக்காகவே ஒரு வக்கீலுக்குச் செலவழிக்கலாம், தப்பில்லை.

கேள்வி: இரண்டு பேர் லேப்டாப்போடு கம்பெனி தொடங்குவது எப்போதிலிருந்து சாத்தியமானது?

பதில்: 1990-களின் கடைசியில், இணையக் கம்பெனிகள் பெருகிய டாட்காம் காலத்தில், திரட்டிய பணத்தில் நல்ல பகுதி சர்வர் வாங்கவே போகும். 2006-ல் அமேசான் தன் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது, அப்புறம் கதை மாறிவிட்டது. அதற்கு முந்தைய வருடம்தான் புது ஸ்டார்ட்அப்களில் பணம் போட்டு வழிகாட்டும் ஒய் காம்பினேட்டர் சின்னத் தொகைகளோடு ஆரம்பித்தது.

கேள்வி: ஸ்டார்ட்அப் என்றாலே ஏன் கலிஃபோர்னியா?

பதில்: சட்டமும் ஒரு காரணம். 'வேலையை விட்டால் போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது' என்ற ஒப்பந்தம் அங்கே 1872-லிருந்தே பெரும்பாலும் செல்லாது, அதனால் ஆட்கள் தாராளமாக வெளியேறிப் புதுக் கம்பெனி தொடங்குகிறார்கள். வேறு இடங்களில் முடியாது என்றில்லை. இஸ்ரேல் அரசு 1993-ல் யோஸ்மா என்று 100 மில்லியன் டாலர் நிதி தொடங்கி, தனியாருடன் கூட்டாகப் போட்டு, அரசின் பங்கைப் பிற்பாடு அவர்களே வாங்கிக்கொள்ள வழிவிட்டது. எஸ்டோனியாவில் ஸ்கைப் மென்பொருளை எழுதினார்கள், 2005-ல் ஈபே அதை வாங்கியது. ஸ்கைப்பின் முதல் ஊழியரான தாவெத் ஹின்ரிகுஸ் பிறகு இன்னொருவருடன் சேர்ந்து லண்டனில் ட்ரான்ஸ்ஃபர்வைஸ் என்ற வெளிநாட்டுப் பணப்பரிமாற்றச் சேவையைத் தொடங்கினார், இன்றைய வைஸ் அதுதான்.