கேள்வி பதில்: தமிழ்ப் பாடமும் கொமினிக்கேசன் கடையும்

கேள்வி: மகள் தரம் 10. தமிழ் ஒப்படைக்கு சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேர் கொமினிக்கேசனில் (பிரிண்ட், போட்டோக் கொப்பி எடுக்கிற கடை) ஒரே பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து, பைண்ட் பண்ணிக் கொடுத்துவிட்டார்களாம். தான் கையால் எழுதினால் புள்ளி குறையுமோ என்று இவள் அழுகிறாள். என்ன செய்யலாம்?
(ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: எழுதட்டும் அம்மா. பிறந்தது 1832, ஊர் சிறுப்பிட்டி, மறைந்தது 1901 என்று தொடங்கும் அந்தப் பக்கங்களை ரீச்சர் எத்தனை தரம் பார்த்திருப்பார், எழுத்துப் பிழைகூட மாறாமல் வந்துகொண்டிருக்கும். பழைய நூல்களை அச்சேற்றினார் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த மனுசன் பட்ட பாடு அதில் எங்கே இருக்கிறது? 1887இல் வந்த கலித்தொகைக்கு அவர் எழுதிய பதிப்புரையைத் தேடி வாசிக்கச் சொல்லுங்கள். ஓலை ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று ஆள் வாய்விட்டுப் புலம்புகிறார். அது போக, ஒரு ஏட்டில் ஒரு சொல் இருக்கும், இன்னொரு ஏட்டில் வேறு சொல் இருக்கும், எதை அச்சில் போடுவது?

இதை மகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அம்மம்மாவிடம் ஒரு தாலாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டு அப்படியே எழுதட்டும், பிறகு அதே தாலாட்டைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடமும் கேட்கட்டும். இரண்டும் ஒத்துவராது. ஒருவர் மாமன் என்று பாடிய இடத்தில் மற்றவர் அத்தை என்பார், ஒரு அடி கூடும், ஒரு அடி காணாமல் போகும். எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன், மற்றவர் பாடியது என்ன என்று அடிக்குறிப்போடு இரண்டு பக்கம் எழுதினால் போதும், தாமோதரம்பிள்ளை செய்த வேலையில் ஒரு துண்டைப் பிள்ளையும் செய்துவிட்டாள். அம்மம்மாவோடு சண்டை வந்தால் அதையும் எழுதலாம்! பைண்டிங் வேண்டாம், தைத்த கொப்பியே போதும்.

கேள்வி: மகன் சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழ் இலக்கிய நயம் எடுக்கப்போகிறேன் என்கிறான். தமிழ் ஏற்கெனவே படிக்கிறான்தானே, பிறகு எதற்கு?
(ஒரு தகப்பன், கரவெட்டி)

பதில்: தமிழ்மொழியும் இலக்கியமும் எல்லாருக்கும் கட்டாயம், இலக்கிய நயம் விருப்பத்துக்கு எடுப்பது. சங்கீதம், சித்திரம், நடனம் இருக்கிற அதே தொகுதியில்தான் அதுவும் வருகிறது, ஆகவே அதை எடுத்தால் இவற்றை விடவேண்டும். பெடியன் பாடத்தைத் தாண்டியும் கதைப் புத்தகம் வாசிக்கிற ஆளா? அப்படியென்றால் விடுங்கள், எடுக்கட்டும். செய்முறைப் பரீட்சை இல்லை, லேசாகப் புள்ளி எடுக்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி எடுக்கிறான் என்றால் ஒருக்கால் இருத்திவைத்துக் கதையுங்கள்.

கேள்வி: தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்கு நிற்கிறேன். சேர் எழுதித் தந்ததைப் பாடமாக்குகிறேன், நடுவில் மறந்துபோகிறது.
(மாணவன், சாவகச்சேரி)

பதில்: நீர் கதைக்காத தமிழில் இருந்தால் மறக்கத்தானே செய்யும். வலய மட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் தமிழ்த்தாயை வணங்கி, நடுவரை வணங்கி, நேரம் காப்பவரையும் வணங்கி முடிக்கவே அரை நிமிடம் போய்விடும். தொடக்கமும் முடிவும் சேருடையதாகவே இருக்கட்டும். நடுப்பகுதியை மட்டும் உமது ஊரில் நடந்த ஒன்றை வைத்து நீரே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாரும், நாக்குத் தடக்குகிற சொல்லை வெட்டும். சேர் கோபித்தால் பழியை என்மேல் போடும்.