கச்சேரிக்குப் போன ஓவியர் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் ரெண்டாவது வருஷம். மாடர்னிசம் (நவீனத்துவம்) பேப்பர இந்த செமஸ்டர் இன்டர்டிசிப்ளினரியா, ஓவியம் இசை எல்லாத்தோடயும் சேத்துப் படிக்கணுமாம். கிளாஸ்ல பேரும் வருஷமும் போர்டுல எழுதிட்டு, எல்லாம் ஒரே காலகட்டம், ஒரே மனநிலைன்னு முடிச்சிடறாங்க. எனக்கு கவிதை வாசிக்க வரும், இசை பத்தி ஒண்ணுமே தெரியாது. இப்படிப் படிக்கறதுல நிஜமாவே ஏதாவது இருக்கா?

ம.

அன்புள்ள ம.,

இருக்கு. ஆனா "ஒரே மனநிலை"ன்னு சொல்லி நிறுத்திட்டா ஒண்ணும் இருக்காது. நான் யார் கேட்டாலும் ஒரே ஒரு சாயங்காலத்துல இருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்.

1911 ஜனவரி 2, முனிச். வியன்னா இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கோட இசை வாசிக்கறாங்க, 1908ல முடிச்ச ரெண்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட்டும் மூணு பியானோ உருப்படியும் அதுல உண்டு. கேக்க வந்தவங்கள்ல ஓவியர்கள் காண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் இருந்தாங்க. அந்தக் கச்சேரி பாதிச்ச வேகத்துல காண்டின்ஸ்கி போட்டதுதான் 'இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)'. இப்பவும் முனிச்ல லென்பாக்ஹவுஸ் மியூசியத்துல இருக்கு. நெட்ல எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க. மேல ஒரு பெரிய கறுப்பு, அது பியானோ. கீழ குனிஞ்சு குனிஞ்சு கெடக்கற கோடெல்லாம் கேக்க வந்த ஜனங்க. மிச்ச இடம் பூரா மஞ்சள் பாய்ஞ்சு கெடக்கு, அது வெளக்கோட மஞ்சளும் இல்ல, சுவரோட மஞ்சளும் இல்ல, எந்தப் பொருளுக்கும் சொந்தமில்லாத மஞ்சள். முன்னாடி போட்ட ஸ்கெட்ச்ல பியானோ, ஆளுங்க எல்லாம் தெளிவா தெரியும், கலர் வரும்போதுதான் கரையுது.

ஜனவரி 18ந் தேதி, அதுவரைக்கும் முகம் தெரியாத ஷோன்பெர்க்குக்கு காண்டின்ஸ்கி கடிதம் போடறார். உங்க இசையில ஒவ்வொரு குரலும் தனித்தனியா தன் போக்குல உயிரோட இருக்கே, அதத்தான் நான் ஓவியத்துல தேடிக்கிட்டு இருக்கேன்னு. மனநிலைன்னு பொதுவா சொல்றதுக்கும் இதுக்கும் எவ்ளோ தூரம் பாருங்க, இது ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரர்கிட்ட கேக்கற கேள்வி.

இனிமே வர்றது உங்க இடம். ஸ்ட்ரிங் குவார்டெட்னா நாலு தந்தி வாத்தியம், பாட்டே கிடையாது. ஆனா ஷோன்பெர்க்கோட இந்த ரெண்டாவது குவார்டெட்ல கடைசி ரெண்டு பகுதியில ஒரு பெண்குரல் வந்து ஜெர்மன் கவிஞர் ஸ்டெஃபான் கெயோர்கெயோட ரெண்டு கவிதையப் பாடுது. வேற ஒரு கிரகத்தோட காத்து என் மேல படுதுன்னு ஆரம்பிக்கற கவிதைதான் கடைசிப் பகுதி. நம்ம கச்சேரியில தம்புரா ஓடிக்கிட்டே இருக்கற மாதிரி இல்லன்னாலும், மேற்கத்திய இசைக்கும் திரும்பி வந்து சேர ஒரு ஆதார சுரம், ஒரு வீடு மாதிரி உண்டு, அந்த வீட்ட விட்டுப் போறதும் திரும்பறதும்தான் ஒரு நீளமான உருப்படியப் பிடிச்சு நிறுத்தும். ஷோன்பெர்க் அந்தப் பிடிய விட்டுட்டார் (முழுசா விட்டார்னு சொல்ல முடியாது, கடைசியில எஃப் ஷார்ப் மேஜர்ங்கற ஒரு வீட்டுக்கு வந்துதான் முடிக்கறார்). அப்ப எது தாங்கும்? அந்தக் காலத்துல ஒரு கவிதையப் பின்தொடர்ந்து போனாதான் பெரிய வடிவம் கட்ட முடிஞ்சதுன்னு ஷோன்பெர்க்கே பின்னாடி எழுதியிருக்கார். அந்தக் கவிதையோ மும்மூணு வரியா, இயைபெல்லாம் கறாரா வச்சுக் கட்டினது. கவிதை வாசிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாம இந்த இசைய முழுசா பேச முடியாதுங்க.

ஒரே மனநிலைங்கறதுக்கு வருவோம். ஷோன்பெர்க் ஓவியமும் போடுவார், 1911 டிசம்பர்ல நடந்த காண்டின்ஸ்கி, மார்க் குழுவான புளூ ரைடரோட முதல் கண்காட்சியில அவர் படமும் இருந்துச்சு. அந்தக் காலத்துல அவர் வரைஞ்சதுல பாதி முகங்கதான், நேரா நம்மள வெறிச்சுப் பாக்கற கண்ணுங்க. இசையில வீட்டையே விட்டுக் கிளம்பின மனுஷன், தூரிகைய எடுத்தா முகத்த விடல. ரெண்டு கலையும் ஒண்ணா நகரவே இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்.

அந்த நட்பும் நிலைக்கல. 1923ல ஜெர்மனியில வைமார் ஊர்ல இருந்த பாவ்ஹவுஸ் கலைப்பள்ளியில வேலை பாத்த காண்டின்ஸ்கி, வைமாருக்கு வாங்கன்னு ஷோன்பெர்க்கக் கூப்பிடறார். அங்க இருக்கறவங்க யூத வெறுப்பு பேசறாங்க, காண்டின்ஸ்கியும் அதுல உண்டுன்னு ஷோன்பெர்க் காதுக்கு வந்திருந்துச்சு, ஒரு யூதரா அவர் எழுதின பதில்கள படிச்சா நெஞ்சு கனத்துப் போகும். அந்தக் கடிதங்களும் மாடர்னிசம் பேப்பர்தான், விட்டுடாதீங்க.

இப்போதைக்கு கவிதைய கையில வச்சுக்கிட்டு அந்த குவார்டெட்டோட நாலாவது, கடைசிப் பகுதியக் கேளுங்க. குரல் உள்ள வர்றதுக்கு முன்னாடி வாத்தியங்க சன்னமா கீழ இருந்து மேல ஒண்ணு மாத்தி ஒண்ணா ஏறிப் போகும். உங்க அசைன்மென்ட்ட அங்க இருந்து எழுத ஆரம்பிங்க, எழுதினதும் எனக்கு அனுப்புங்க.