கோல் போடும் இடம் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் இந்தியா பங்களாதேஷிடம் 0–1 என்று தோற்றதை செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். “நம்ம உடம்புக்கு ஃபுட்பால் ஒத்துவராதுடா, ஆர்சனல் மேட்ச் பாரு” என்றார்கள். சில நேரம் எனக்கும் அது சரிதானோ என்று தோன்றுகிறது.

நமக்காக அதிக கோல் போட்ட சுனில் சேத்ரி போய்விட்டார். ஆசியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பும் கைவிட்டுப் போய்விட்டது. ஆனால் புது கோச்சாக காலித் ஜமீல் வந்திருக்கிறார், புதுப் பையன்கள் வருகிறார்கள், ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு நமக்காக ஆட வந்திருக்கிறார். இதைப் புதிய காலம் என்று நம்பலாமா? வெளியே பிறந்து வளர்ந்தவர்களைச் சேர்ப்பது சரிதானா? இனி யார் கோல் போடுவார்?

நாங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறோம். டையிங்கில் வேலை பார்க்கும் ஒரு பையன்தான் எங்கள் ஃபார்வர்டு. பொங்கல் டோர்னமெண்டுக்கு மட்டும், அவன் இடத்தில் ஆட, காதர்பேட்டைக்கு பனியன் எடுக்க வரும் ஒரு நைஜீரிய நண்பரைப் பேசி வைத்திருக்கிறோம். இந்த முறை கப் எங்களுக்குத்தான்!

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தேன். அங்கே பார்த்த ஒருவரைப் பற்றியே ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்த உடம்பு விஷயம். இன்னொரு முறை இப்படி எழுதாதீர்கள், எனக்குக் கோபம் வரும். நண்பர்கள் சொன்னார்கள் என்றால் போகட்டும். “எனக்கும் தோன்றுகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4–2 என்று அடித்தது எந்த உடம்பு? நெவில் டிசோசா அன்று மூன்று கோல் போட்டார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம். உங்கள் தாத்தா வயதுக்காரர்கள் செய்த காரியம் இது. அதே அரிசியும் கோதுமையும் தின்றவர்கள்தானே அவர்கள்?

ரயன் வில்லியம்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் கையிலிருந்த பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், வாங்க என்று சொல்வோம். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

காலித் ஜமீல் நல்ல கோச். சின்னஞ்சிறு மிசோரம் அணியான ஐஸாலை 2017இல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் சாம்பியன் ஆக்கியவர். 13 வருடம் கழித்து தேசிய அணிக்கு ஒரு இந்தியர் பயிற்சியாளராக வந்ததில் எனக்கும் சந்தோஷம். வந்ததும் தஜிகிஸ்தான் போய், மத்திய ஆசியப் போட்டியில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் வாங்கித் தந்தார். அடுத்த மாதமே கோவாவில் சிங்கப்பூரிடம் 1–2. எந்த கோச்சும் கையில் இருக்கும் பையன்களை வைத்துத்தானே ஆட முடியும்?

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். யார் கோல் போடுவார்? இந்தக் கேள்வியை நான் பல வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

2014இல் ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், தொடங்கியது. 2024–25 வரை 11 சீசன் நடந்திருக்கிறது. ஒவ்வொரு சீசனிலும் அதிக கோல் போட்டவருக்கு கோல்டன் பூட் தருகிறார்கள். அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பிரேசில், கொலம்பியா, ஸ்பெயின், நைஜீரியா, கிரீஸ், மொராக்கோ எல்லாம் இருக்கும். ஒரு இந்தியப் பெயர்கூட இருக்காது. தொடக்கத்தில் ஒரு அணி ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டுக்காரர்களை இறக்கலாம் என்று விதி. அது 5 ஆகி, 2021இல் 4 ஆனது. எண்ணிக்கை குறைந்தாலும் எந்த இடத்தை அவர்களுக்குக் கொடுப்பது என்பது பெரிதாக மாறவில்லை. நடுவில், கோல் முகத்துக்கு நேராக நிற்கும் இடம் அவர்களுக்கு. நம் பையன்களில் வேகமாக ஓடுகிறவன் இரண்டு ஓரங்களுக்கும், பின்னால் தடுக்கிற இடத்துக்கும் போவான். கிளப்பைக் குறை சொல்லி என்ன பயன்? முதலாளிக்கு இந்த வருடமே ஜெயிக்க வேண்டும். கோச் நாலு மேட்ச் தோற்றால் வேலை போய்விடும். பழுத்த ஆள் சந்தையில் கிடைக்கும்போது யார் நாற்று நடுவார்கள்?

2024–25 சீசனில் இந்தியர்களில் அதிக கோல் போட்டவர் யார் தெரியுமா? சேத்ரிதான். 40 வயதில் 14 கோல். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டி முடித்ததும் நெஞ்சு கனத்துப்போனது. 2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத்தோடு ஆடி விடைபெற்ற மனிதரை, மறு வருடமே திரும்ப வாங்க என்று கூப்பிட வேண்டியிருந்தது. தேசத்துக்காக 95 கோல் போட்டவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க ஒரு பையனை நாம் வளர்க்கவில்லை. திறமை இல்லாமல் இல்லை. காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து போன சிவசக்தியை பெங்களூரு அணி 2022–23இல் முன்னால் நிறுத்தி ஆட விட்டது. அவர் கோல் போட்டார், அந்த வருடத்தின் சிறந்த இளம் வீரர் விருதும் வாங்கினார். விட்டால் ஆடுகிறான். விட வேண்டும், அவ்வளவுதான்.

கோல் போடுவது ஓரத்தில் ஓடிக் கற்றுக்கொள்கிற வித்தை இல்லை. பந்து வருவதற்கு முன்பே உடம்பு எங்கே திரும்ப வேண்டும் என்பது, அந்த இடத்தில் நின்று நூறு முறை தவறவிட்டவனுக்குத்தான் தெரியும். தவறவிடும்போது திட்டாமல் மறுபடியும் அவனையே நிறுத்த ஒரு கோச் வேண்டும்.

1962 ஜகார்த்தாவில் ரஹீம் சாகிப் செய்தது நினைவுக்கு வருகிறது. அப்போது இந்திய அணியின் கோச், ஹைதராபாத் பள்ளி ஆசிரியர். அப்போதே உடம்பில் புற்றுநோய். முதல் மேட்சில் தென்கொரியாவிடம் 0–2. தாய்லாந்து மேட்சில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ஜர்னைல் ஆசியாவே பயந்த டிஃபெண்டர். தையலோடு பின்னால் நின்று தலையால் பந்தைத் தடுக்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் அவரை உட்காரவைத்திருப்பார்கள். ரஹீம் அவரைக் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் கோல் போட்டார் ஜர்னைல். செப்டம்பர் 4 அன்று அதே கொரியாவோடு இறுதி ஆட்டம், அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்துகிறது. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2–1. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் ஆடி வந்தவர். அடுத்த ஜூனில் ரஹீம் இறந்துவிட்டார். தன் ஆட்களுக்குள்ளேயே தேடிக் கண்டுபிடித்தார் பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இப்போது ஊரில் பார்த்தவரைப் பற்றி. எங்கள் ஊர் குமரி மாவட்டக் கடற்கரை. அங்கே கிரிக்கெட் பின்னால் வந்தது, பந்துதான் முதலில். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஊர் டீமுக்கு ஒரு அண்ணன் ஃபார்வர்டு. மணலில் வெறுங்காலோடு அவர் திரும்பும் அழகைப் பார்க்கவே சாயங்காலம் டியூஷனுக்குப் போகாமல் நிற்போம். இடது காலால் தரையோடு தரையாக அடிப்பார். கோல்கீப்பர் விழுவதற்குள் பந்து வலையில் கிடக்கும்.

பிறகு அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமெண்டுகளில் பரிசுப்பணம் பெரிதானது. கேரளப் பக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆட்டக்காரர்களை மேட்சுக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிவர ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரும் ஒருவரைக் கூட்டிவந்தது. நல்ல மனிதர், எங்களோடு உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து தட்டிக் காட்டிவிட்டுப் போனார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. அண்ணனை வலது ஓரத்துக்குத் தள்ளினார்கள். இரண்டாவது மேட்சில் வெளியே உட்காரவைத்தார்கள். கப் வாங்கினோம். அன்று இரவு ஊரே வெடி வெடித்தது, நானும் வெடித்தேன். அண்ணன் வீட்டுத் திண்ணையில் இருந்தார். அடுத்த வாரம் ஆழ்கடலுக்குப் போகும் படகில் ஏறினார். அதற்குப் பிறகு அவர் கிரவுண்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் ஊரில் பார்த்தேன். முடி நரைத்துவிட்டது. பேச்சுவாக்கில் அந்த டோர்னமெண்ட் வந்தது. “எனக்கு அப்போ பத்தொம்பது வயசு. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா வலது காலையும் பழக்கியிருப்பேன்” என்றார். முப்பது வருடம் கழித்தும் வலது கால் ஞாபகம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்து உங்கள் கடிதத்தைப் பிரித்தால், இந்திய அணிக்கு யார் கோல் போடுவார் என்று கேட்டுவிட்டு, அடுத்த பத்தியிலேயே டையிங் பையனை ஓரம் கட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கப் வேண்டும், டெல்லியில் இருப்பவர்கள் மட்டும் பொறுமையாகப் பையன்களை வளர்க்க வேண்டுமா? வாரம் முழுக்கச் சாயத்தண்ணீரில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காக ஓடுகிறவன் அவன். பொங்கல் அன்று அவன் வீட்டு ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அன்று அவனை ஓரத்தில் நிறுத்தினால் அது அவன் மனசில் எத்தனை வருடம் கிடக்கும் என்று யோசித்தீர்களா? அந்த நைஜீரிய நண்பரை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. சொந்த ஊர்விட்டு வந்து சந்தைக்கும் லாட்ஜுக்கும் நடுவே இருப்பவர், ஆடட்டும். பின்னால் இருந்து பந்து கொடுக்கச் சொல்லுங்கள், நடுக்களத்தில் நிறுத்துங்கள். முடிந்தால் டிசம்பரிலேயே கூட்டிவந்து பையனோடு சேர்ந்து பழக விடுங்கள், அவனுக்கு இரண்டு வித்தை கூடுதலாக வரும். கோல் முகத்தில் மட்டும் உங்கள் பையன் நிற்கட்டும். தவறவிட்டால் கத்தாதீர்கள்.

நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன், அடுத்த மேட்சையும் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.

பொங்கல் முடிந்ததும் மறக்காமல் ஒரு கடிதம் போடுங்கள். கப் யாருக்கு என்பதைக் கடைசி வரியில் எழுதினால் போதும். அந்தப் பையன் எங்கே நின்றான், எத்தனை அடித்தான், எத்தனை வெளியே போனது என்று முதலில் எழுதுங்கள். அவனுக்கு வலது கால் எப்படி?

அன்புடன்.