கேமிங் கம்ப்யூட்டர்: கையில் இருக்கும் காசை எதில் போடுவது?

கேள்வி: 2019ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். ரைசன் 5 2600, பி450 போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), 1080பி மானிட்டர். புது கேம் எதுவும் ஒழுங்காக ஓடுவதில்லை. 30,000 ரூபாய்தான் முடியும். கடையில் போர்டு, ப்ராசசர், டிடிஆர்5 ரேம் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அந்த மூன்றையும் வாங்கினாலே உங்கள் பணம் தீர்ந்துவிடும், அப்புறம் அதே 1050 டிஐயை மாட்டித்தான் விளையாட வேண்டும். அது 2016ல் வந்த கார்டு, மெமரி 4 ஜிபிதான், இப்போது வரும் பெரிய கேம்கள் பலவற்றுக்கு அது போதாது.

எதற்கும் முதலில் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். சிரமப்படுத்தும் கேமில் ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (ஒரு விநாடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) நன்றாக ஏறினால் திணறுவது கிராபிக்ஸ் கார்டு, ஏறாமல் அப்படியே நின்றால் ப்ராசசர் அல்லது ரேம். உங்களுக்கு அநேகமாக ஏறும்.

அடுத்தது ரேம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தட்டினால், எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று இரண்டும் தெரியும். ஒரே ஸ்டிக் என்றால் ஒரே சேனல், அதாவது ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவே தகவல் போக ஒரே பாதை. இன்னொரு 8 ஜிபி போட்டால் அளவும் கூடும், சேனலும் இரண்டாகும், ரைசனில் இந்த வித்தியாசம் விளையாடும்போதே தெரியும். நாலு ஸ்லாட் போர்டாக இருந்தால் பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும் ஜோடி, போர்டு கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓடவிடும் வசதியை, ஆன் செய்ய வேண்டும், இல்லையென்றால் 3200க்குக் காசு கொடுத்துவிட்டு 2400லோ 2666லோ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பணத்தின் பெரும்பங்கு கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் போகட்டும். 1080பிக்கு 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 போதும், 132 வாட்தான் இழுக்கும். விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள். அது போர்டோடு நாலு பிசிஐ லேனில் (தகவல் போகும் பாதை) மட்டும் ஓடும் கார்டு, உங்கள் பி450 வேகம் குறைந்த பழைய பிசிஐ 3.0 என்பதால் வேகம் இன்னும் அடிவாங்கும். ஆர்டிஎக்ஸ் 3050 வாங்குவதானால் பெட்டியில் 8 ஜிபியா 6 ஜிபியா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர்தான், ஆனால் 6 ஜிபியில் மெமரி மட்டுமல்ல, கோர்களும் குறைவு.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினெட்டைத் திறந்து அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே 450 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12ஐ 18ஆல் பெருக்குங்கள், 216 வாட்தான் வருகிறது. கார்டும் ப்ராசசரும் உயிர்வாழ்வது அந்த 12 வோல்ட்டில்தான். இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் கேபிளும் இருக்காது, மோலெக்ஸ் (பழைய நாலு பின் கேபிள்) கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளவே கூடாது. நல்ல கம்பெனியின் ப்ரான்ஸ் தரச்சான்று உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்குங்கள், அடுத்த கார்டுக்கும் அதுவே உதவும்.

ப்ராசசர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பி450 போர்டுகளில் பெரும்பாலும் பயாஸ் அப்டேட் செய்தால் ரைசன் 5 5600 உட்காரும், ரேம் மாற்ற வேண்டாம். பழைய ப்ராசசர் இருக்கும்போதே அப்டேட்டை முடித்துவிடுங்கள், அதுவும் யுபிஎஸ்ஸில் வைத்து. நடுவில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

கேள்வி: பழைய ஆர்எக்ஸ் 6600 ஒன்று பாதி விலைக்கு வருகிறது. மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்ட நாள்கணக்கில் ஓட்டுவது) ஓடிய கார்டாக இருக்குமோ என்று பயம். வாங்கலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இருக்கலாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங்கே நின்றுபோனதும் அப்படி ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் தேய்வது ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும்தான், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். விற்பவர் வீட்டிலேயே அரைமணி நேரம் ஒரு கனமான கேம் ஓட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று கவனியுங்கள், ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் ஹாட்ஸ்பாட் (சிப்பில் அதிகம் சூடாகும் இடம்) சூட்டையும் பாருங்கள், 100 டிகிரியைத் தாண்டினால் வேண்டாம். ஒரிஜினல் பில்லைக் கேட்டு வாங்கி, கார்டில் உள்ள சீரியல் நம்பரும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள், வாரண்டி மிச்சமிருந்தால் அதுதான் கைகொடுக்கும். ஓட்டிக் காட்ட முடியாது, கூரியரில்தான் அனுப்புவேன் என்றால் அந்தக் கார்டை விட்டுவிடுங்கள்.