வீட்லயே கட்டுற கார்ல பெட்ரோல் டியூப், பிரேக் டியூப், வயர் மூணையும் எப்படி இழுக்கணும்?

லைன் ரூட்டிங்னா வேற ஒண்ணுமில்ல, இந்த மூணும் காருக்கு அடியில எந்த வழியா போகுதுங்கிறதுதான். சூடு, உரசல், ஆட்டம், இந்த மூணுகிட்ட இருந்து காப்பாத்தணும். வீட்ல கேஸ் டியூபையும் மிக்ஸி வயரையும் ஒண்ணா கட்டி அடுப்புக்குப் பின்னாடி விடுவோமா? அதே கதைதான்.

பெட்ரோல் டியூப் சைலன்சர் பக்கம் போகவே கூடாது. வயர் பெட்ரோல் டியூபுக்கு மேல போகட்டும், கீழ போனா கசியிற பெட்ரோல் நேரா வயர் மேல சொட்டும். தகட்டுல ஓட்டை போட்டு வயர் விடுற இடத்துல ரப்பர் புஷ் கண்டிப்பா போடுங்க, எஸ்டேட்ல தண்ணி ஹோஸ் பாறையில உரசி உரசி ஓட்டையாகுறத பாத்திருப்பீங்க, அப்படித்தான் வயரும் அறுந்து ஷார்ட் ஆகும். பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் போடுங்க.

பிரேக்தான் எனக்கு ரொம்ப பயம். ஊட்டியில இருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியா இறங்கினா 36 கொண்டை ஊசி, பிரேக் ஏற்கனவே கொதிக்கும், டியூபும் சைலன்சர ஒட்டி போனா கேக்கவே வேணாம். பிரேக்ல ஊத்துற டாட் 4 ஆயில் புதுசுல 230 டிகிரி வரைக்கும் தாங்கும், ஈரம் இழுத்துட்டா 155லயே கொதிக்கலாம், ஆவி வந்தா மிதி பஞ்சு மாதிரி உள்ள போயிடும். முன் சக்கரத்து ஹோஸ ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஜாக்கி வச்சு தூக்கி, இழுக்குதா டயர்ல உரசுதான்னு கையால தடவிப் பாருங்க.

சாதா செம்பு டியூப் ஈசியா வளையுது, அதனால பிரேக்குக்கு நல்லதுன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, அது தப்பு, ஆட்டத்துல இறுகி வெடிப்பு விட்டுடும், பிரேக்குக்குன்னே வர்ற ஸ்டீல் டியூப் வாங்குங்க.