ஒரு மென்பொருளை 4.0 என்று வெளியிட்டுவிட்டு, "இது இன்னும் முழுமையாகவில்லை" என்பது நியாயமா?

நியாயமில்லை என்பதே என் கருத்து, லினக்ஸ் கணினிகளுக்கான இலவச டெஸ்க்டாப் மென்பொருளான கேடிஇ-யின் 4.0 கதையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். 2008 ஜனவரியில் அது வந்தபோது, அடித்தளத்தையே புதிதாக எழுதியிருந்தார்கள், பெரிய உழைப்பு. இது முதன்மையாக டெவலப்பர்களுக்கும் ஆர்வலர்களுக்கும்தான் என்று சொல்லவும் செய்தார்கள். ஆனால் அறிவிப்பை எத்தனை பேர் படிப்பார்கள்? முந்தைய பதிப்பான 3.5-ஐ வருடக்கணக்கில் பயன்படுத்தியவர் 4.0 என்றால் அதைவிட மேலானது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அதே ஆண்டு மே மாதம் ஃபெடோரா 9 என்ற டிஸ்ட்ரோ (லினக்ஸையும் மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு), கேடிஇ 3.5-ஐ எடுத்துவிட்டு 4.0-ஐயே கொடுத்தது. 3.5-இல் பேனலை (திரையின் ஓரத்தில் மெனுவும் பொத்தான்களும் இருக்கும் பட்டையை) இழுத்து ஓரத்தில் வைத்து, உயரத்தைக் குறைத்து, தன் கைக்கு ஏற்றபடி அமைத்திருந்தவருக்கு அப்படி மவுஸால் நகர்த்திச் சரிசெய்யும் வசதி 4.1-இல்தான், அதாவது ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வெறுத்துப்போய் க்னோம் என்ற வேறொரு டெஸ்க்டாப்புக்கு மாறினார்.

சரி, டெவலப்பர் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது: பீட்டா (சோதனைப் பதிப்பு) என்றால் சிலர்தான் சோதிப்பார்கள், பரவலாகப் பயன்படுத்தினால்தான் பிழைகள் வெளியே வரும். அதை நான் ஏற்கிறேன். இலவசமாக உழைப்பவரிடம் உத்தரவாதம் கேட்கவும் முடியாது, உரிமத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் பதிப்பு எண் என்பதும் ஒரு வாக்குறுதிதான், அதனால் பெயரிலேயே 'சோதனை' என்று போட்டிருக்கலாம், டிஸ்ட்ரோக்களும் 3.5-ஐ இன்னும் ஒரு வருடம் கூடவே வைத்திருக்கலாம்.